பொறுத்தவள் வென்றாள்
களம் கண்டவர்கள் – 9

மாடிப்படி ஏறினால் அக்காவுக்கு வலது கணுக்கால் இன்றும் வலிக்கும். ஜாசின் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த தோட்டத்தில், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவிவிட்டார். வீக்கம் வடியவில்லை. அப்பாவின் பழைய கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அஞ்சலோட்டத்தில் கடைசி ஆளாக ஓடினாள். எங்கள் அணிதான் முதலில் வந்தது. லயத்து ஜனமே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தக் கோப்பை இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வலியும் போகவில்லை.

போரில் முன்நின்று வாங்கிய காயத்தை விழுப்புண் என்று போற்றிய மரபு நம்முடையது. அடிபட்ட பிறகும் களத்தை விட்டு நகராதவரைக் கண்டால் நமக்கு மெய்சிலிர்ப்பது அதனால்தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஷுன் ஃபுஜிமோதோ முழங்கால் சில்லு உடைந்த நிலையில் வளையங்களில் சாகசம் செய்து, உயரத்திலிருந்து தரையில் குதித்து நின்றார். 9.7 புள்ளி கிடைத்தது, ஜப்பான் ஜிம்னாஸ்டிக் அணி தங்கம் வென்றது. மறுபடியும் அப்படிச் செய்வீர்களா என்று பின்னாளில் கேட்டபோது, மாட்டேன் என்றுதான் அவர் சொன்னார். கைதட்டியவர்கள் அந்தப் பதிலை மறந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் நான் வியக்கும் வீரம் வேறு வகையைச் சேர்ந்தது. சுங்கை பட்டாணியில் 1999இல் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தின் வீரம் அது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஒற்றையர் இறுதியாட்டத்தில் நிக்கோல் டேவிட்டை எதிர்த்து ஆடி வெள்ளி வென்றவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2022 ஜூன் இறுதியில் மெக்ஸ் நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் அவருக்கு முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிந்தது. பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது.

கழுத்து முறிவு ஸ்குவாஷ் ஆடுபவருக்கு எப்படிப்பட்ட அடி என்பதை ஆட்டத்தைப் பார்த்தால் புரியும். பத்து மீட்டர்கூட நீளமில்லாத அறை. நான்கு பக்கமும் சுவர். சின்ன ரப்பர் பந்து முதுகுக்குப் பின்னால் போய் மூலையில் விழும். பந்து எங்கே, எதிராளி எங்கே என்று நொடிக்கு நொடி தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடுத்த கணமே முன்சுவரை நோக்கிப் பாய்ந்து குனிய வேண்டும். கழுத்து திரும்பாதவருக்கு அங்கே பாதி ஆட்டம் கண்ணிலேயே படாது.

பர்மிங்ஹாம் கைநழுவிப் போனது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் போட்டி, உடல் உச்சத்தில் இருக்கும் 23 வயது. வீட்டில் இருந்தபடி தோழிகள் ஆடுவதைப் பார்க்கும் வேதனைக்கு யாரும் பதக்கம் தருவதில்லை. எலும்பு கூடும் வரை அவர் காத்திருந்தார். பிறகு அடியிலிருந்து தொடங்கினார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஹாங்காங்கின் சான் சின் யூக்கை வென்று ஒற்றையர் தங்கத்தைக் கழுத்தில் அணிந்துகொண்டார். 2024 ஏப்ரலில் லண்டன் கிளாசிக் இறுதியில், உலகின் முன்னணி வீராங்கனையான எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து செட் போராடி வீழ்த்தினார்.

பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்கிறோம். வலியைப் பொறுப்பதைத்தான் அதற்குப் பொருளாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். காலத்தைப் பொறுப்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. முன்னதற்கு ஒரு நாள் துணிச்சல் போதும். பின்னதற்கு ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாகத் துணிய வேண்டும்.

ஹாங்சோ ஆட்டத்தை அக்காவும் நானும் மெர்லிமாவில் அவள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சிவசங்கரி மேடையேறியபோது அக்கா கணுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நல்லவேளை தம்பி, இந்தப் பிள்ளைய யாரோ உட்கார வெச்சிருக்காங்க."

சென்ற மாதம் அவள் மகளுக்கு முழங்கால் வீங்கியது. பள்ளிப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இந்த வருடம் அவள் ஓட மாட்டாள் என்று அக்கா ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை இரண்டு நாள் அழுதாள். அக்கா மனம் மாறவில்லை.

அடுத்த வாரம்: 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வென்ற ஜி. சரவணன்.

(தொடரும்)