அச்சில் நிறம் பிறழாமற் காக்கும் முறை

அச்சிட்டு வந்த படம் கணினித் திரையிற் கண்ட படத்தைப் போல இல்லையே என்னும் குறை, இக்காலத்தில் மலர்களும் நூல்களும் வெளியிடுவோர் பலருக்கும் பொதுவானது. கொடியின் நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிடுகின்றது. பெரியார் ஒருவரின் முகம் செம்மண் பூசியது போலத் தோன்றுகின்றது. வயலின் பசுமை வாடிவிடுகின்றது. அப்பொழுது அச்சகத்தார் படத்தை வடிவமைத்தவரைக் குறை கூறுவர். வடிவமைத்தவர் அச்சகத்தாரைக் குறை கூறுவர். ஆராயுமிடத்து, இருவரும் தத்தம் தொழிலைச் செம்மையாகவே செய்திருத்தல் கூடும். நிறத்தைப் பற்றி இருவரும் முன்கூட்டியே ஓர் உடன்பாட்டுக்கு வாராமையே பெரும்பாலும் பிழைக்குக் காரணமாகும். அவ்வுடன்பாடு யாது, அதனை எய்துமாறு எங்ஙனம் என்பவற்றை இங்கு விளக்க முயல்வாம்.

திரை தானே ஒளியை உமிழ்வது. தாளோ தன்மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவது. வேற்றுமை அனைத்துக்கும் இதுவே மூலம். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டிப் பல நிறங்களையும் தோற்றுவிக்கலாம் என்பதை, 1861 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் நிறுவகத்தில் மக்ஸ்வெல் என்னும் விஞ்ஞானி படமொன்றைக் கொண்டு காட்டினார். இன்றைய திரை அவ்வழியே செல்கின்றது. அச்சுக் கலையோ வேறு வழியிற் சென்றது. பிராங்பேட்டிற் பிறந்த லெ புளோன் என்னும் ஓவியர், நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று மைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து நிறப்படம் அச்சிடும் முறைக்கு 1719 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். மை ஒளியைக் கூட்டுவதன்று, குறைப்பது. இன்று சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நடைபெறும் அச்சும் அதே நெறியினதே.

ஆதலால் திரைக்கு இயலும் நிறங்கள் எல்லாம் மைக்கு இயலா. சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255 எனத் திரையில் ஒளிரும் நீலத்தை வழக்கமான நான்மை அச்சு தரவல்லதன்று. அதற்கு ஈடாகச் சயனையும் மஜெந்தாவையும் நூற்றுக்கு நூறாகச் சேர்த்தால் நீலம் ஊதாவாகத் திரிந்துவிடும். நீலம் நீலமாகவே நிற்கவேண்டின், மஜெந்தாவின் அளவு சயனின் அளவிலும் ஏறத்தாழ முப்பது குறைந்திருத்தல் நன்று. கொடியின் நிறம் போன்று சிறிதும் மாறலாகாத நிறமாயின், அதனை நான்கு மைகளின் கலப்பிற்கு விடாது, கலந்தே வரும் தனி மையொன்றைக் கொள்ளுதல் தகும். 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த பன்ரோன் நிற அட்டவணை, இத்தகைய மைகளை எண்ணிட்டுக் குறிப்பதற்குப் பயன்படுகின்றது. ஐந்தாவது தகட்டின் செலவு இதற்கு உண்டாயினும், நிறத்துக்கு உறுதி கிடைக்கின்றது.

எண்கள் ஒன்றாயிருப்பின் நிறமும் ஒன்றாயிருக்கும் என்று கருதுவது அடுத்த மயக்கம். யாழ்ப்பாணத்துக் காணி வழக்கிலே வரகுப் பரப்பும் நெற்பரப்பும் அளவால் வேறானவை. வெறுமனே ‘நான்கு பரப்பு’ என்றால், எப்பரப்பு என்று வினவாமல் நிலத்தின் அளவை அறிதல் இயலாது. நிறத்தைக் குறிக்கும் எண்களும் அத்தகையனவே. பச்சை 255 என்னும் ஒரே எண், 1996 ஆம் ஆண்டில் வகுத்த எஸ்.ஆர்.ஜீ.பீ. என்னும் வெளியில் ஒரு பச்சையையும், 1998 ஆம் ஆண்டில் வகுத்த அடோபி ஆர்.ஜீ.பீ. என்னும் வெளியில் அதனினும் செறிந்த பச்சையையும் குறிக்கும். எந்த வெளிக்குரிய எண் என்பதைச் சொல்லாது அனுப்பிய படத்தை, பெறுபவரின் கணினி தன் விருப்பம்போலப் பொருள்கொள்ளும்.

இம்மயக்கத்தை நீக்குதற்குக் கருவி எதனையும் சாராத பொது அளவை ஒன்று வேண்டியிருந்தது. மனிதக் கண் நிறத்தை உணரும் வகையைப் பரிசோதனைகளால் அளந்து, சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1931 இல் அத்தகைய அளவையொன்றை வகுத்தது. 1976 இல் அதனைத் திருத்தி ‘லாப்’ என வழங்கும் அளவையையும் தந்தது. 1993 இல் எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை நிறுவின. ‘புரொபைல்’ எனப்படும் நிற விவரக் கோப்பின் அமைப்பை வரையறுத்தது அக்கூட்டமைப்பே. ஒரு திரையோ, குறித்த தாளில் குறித்த மையால் அச்சிடும் இயந்திரமோ, எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைத் தருகின்றது என்பதைப் பொது அளவையிற் கூறுவதே அக்கோப்பின் வேலை. அஃது இரு மொழிகளுக்கிடையே நிற்கும் அகராதி எனலாம்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலாவது, வடிவமைப்பைத் தொடங்குமுன்னரே அச்சகத்தாரை அணுகி, எத்தாளில் அச்சிடப்படும், எந்த விவரக் கோப்பைக் கொள்ளவேண்டும் என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பளபளப்புத் தாள் நான்கு மைகளும் கூடி ஏறத்தாழ 300 முதல் 330 சதவீதம் வரை ஏற்கும். செய்தித்தாளோ ஏறத்தாழ 240 சதவீதத்துக்கு மேற்பட்டால் ஊறிக் கலங்கிவிடும். தாள் மாறினால் விவரக் கோப்பும் மாறவேண்டும்.

இரண்டாவது, திரையை அளவிடும் கருவி கொண்டு செப்பஞ் செய்தல் வேண்டும். அதன் வெண்மை 6500 கெல்வின் அளவிலும், ஒளிர்வு சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலா வரையிலும் இருத்தல் பொதுவழக்கு. புதிய திரைகள் மிகையாக ஒளிர்வதே, ‘அச்சு இருண்டுவிட்டது’ என்னும் முறைப்பாட்டுக்குப் பலகால் ஏதுவாகின்றது.

மூன்றாவது, போட்டோஷொப் போன்ற மென்பொருள்களில் உள்ள இரு கட்டளைகளை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ‘எசைன் புரொபைல்’ என்பது எண்களை மாற்றாது அவற்றின் பொருளை மாற்றும். ‘கொன்வேட் ரு புரொபைல்’ என்பது நிறத்தைக் காத்து எண்களை மாற்றும். முன்னையது செய்யவேண்டிய இடத்திற் பின்னையதைச் செய்தலும், பின்னையதன் இடத்தில் முன்னையதைச் செய்தலும் நிறத்தைக் கெடுக்கும். மேலும், மேசை அச்சுப்பொறியில் மாதிரிப்படி எடுக்கும்போது நிறத்தை ஆள்வது மென்பொருளா, அச்சுப்பொறியா என்பதில் ஒன்றையே தெரிதல் வேண்டும். இரண்டும் திருத்த முற்பட்டால் ஒரே நிறம் இருமுறை திருத்தப்பட்டுப் பிறழும்.

நான்காவது, அச்சுக்கு அடங்காத நிறங்களை எவ்வாறு அடக்குவது என்பது. படத்தின் நிறங்கள் அனைத்தையும் ஒருங்கே சுருக்கி அவற்றின் தொடர்பைக் காப்பது ஒரு முறை. அடங்குவனவற்றை அவ்வாறே விட்டு அடங்காதனவற்றை மட்டும் எல்லைக்குக் கொணர்வது மற்றொன்று. செறிந்த நிறங்கள் மலிந்த படத்துக்கு முன்னையதும், பெரும்பாலும் அடங்கிய நிறங்களையுடைய உருவப் படத்துக்குப் பின்னையதும் ஏற்றவை. திரையிலேயே அச்சின் சாயலைக் காட்டும் வசதியைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுத் தெரிதல் நலம்.

முகங்களைப் பற்றித் தனியே ஒரு சொல். நம்மவர் முகநிறத்தில் மஞ்சள் மஜெந்தாவுக்கு ஒப்பாகவோ சிறிது மிகுந்தோ இருத்தல் வேண்டும். மஜெந்தா மேலோங்கின் முகம் சிவந்து காய்ந்தது போலாகும். முகத்தை வெளுப்பித்தல் திருத்தமன்று. அவரை வேறொருவராக்குதலே ஆகும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நான்கு மைகளாலும் அச்சிடின், மைச் சமநிலை சிறிது தவறினும் பசுஞ்சாயலோ செஞ்சாயலோ படரும். கறுப்பு மை ஒன்றினாலே அச்சிடுதல் அவற்றுக்குப் பாதுகாப்பானது.

இறுதியாக, மாதிரிப்படியை எந்த ஒளியில் நோக்குகின்றோம் என்பதும் கருதற்பாலது. ஓர் ஒளியில் ஒத்துத் தோன்றும் இரு நிறங்கள் மற்றோர் ஒளியில் வேறுபட்டுத் தோன்றுதல் உண்டு. ஆதலின் அச்சுத் தொழிலில் 5000 கெல்வின் ஒளியே நியமமாகக் கொள்ளப்படுகின்றது. அத்தகைய விளக்கின்கீழ் இரு திறத்தாரும் நோக்கிக் கையொப்பமிட்ட படியே பின்னர் எழும் பிணக்குகளுக்கு முடிவான சான்றாகும்.

இத்தனையும் செய்தும் தாள் திரையாகிவிடாது; ஆக வேண்டுவதும் இல்லை. மாற்றம் எங்கே நிகழும் என்பதை முன்னரே அறிந்து, அதற்கு உடன்பட்டு அச்சிடுவதே நிறத் திருத்தத்தின் பயன். இதனை வெறும் அலங்காரமென ஒதுக்கிவிடலாகாது. இடப்பெயர்வுகளாலும் தீயாலும் நம் மக்கள் பலரின் வீட்டுப் படங்கள் அழிந்தொழிந்தன. அத்தகையோர் சிலருக்குத் தம் ஆசிரியரின் முகமோ தந்தையாரின் இளமைக் கோலமோ பழைய மலர் ஒன்றின் பக்கத்திலேயே எஞ்சியிருக்கின்றது. நாம் இன்று அச்சேற்றும் படமும் நாளை ஒருவருக்கு எஞ்சும் ஒரே பிரதியாதல் கூடும். அதன் நிறம் மெய்ம்மையோடு பொருந்தியிருத்தல் வேண்டும் என்று கருதுவோர், அச்சகத்தாரோடு பேசவேண்டியவற்றை முதல் நாளிலேயே பேசிக்கொள்வாராக.