கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி

விதைப்பு, வலை, கடன், கூலி, காணாமற்போன ஆடு என்று கேட்பவர்கள் அன்றாடம் பார்த்துப் பழகிய சங்கதிகளைக் கொண்டே இயேசு தம் உவமைகளைச் சொன்னார். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களிலும் அவை விரவிக் கிடக்கின்றன.

கடினமானதை எளிதாக்குவதே உவமையின் வேலை என்பது பாதி உண்மைதான். விதைக்கிறவன் உவமையைக் கேட்ட சீடர்களே பொருள் விளங்காமல் தனியே வந்து கேட்கிறார்கள். உவமையின் முதன்மையான நோக்கம், கேட்பவரையே தீர்ப்புச் சொல்ல வைப்பது. பழைய ஏற்பாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து வைத்த பணக்காரனின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் தாவீது அரசனிடம் சொல்கிறார். அவன் சாக வேண்டியவன் என்று கொதித்த அரசனிடம், அந்த மனிதன் நீரே என்கிறார். தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தை நேராகச் சுட்டியிருந்தால் தாவீது சாக்குத் தேடியிருப்பான்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் எவருக்கும் உடனே பிடிபடும். தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறார். பிறகும் பலமுறை போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். மாலையில் மேஸ்திரி கடைசி ஆளில் தொடங்கி எல்லோருக்கும் அதே கூலியைக் கொடுக்கிறார். வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நியாயமான கோபம்தான், ஒப்பந்தக் கூலிக்கு உருக்காலையில் உழைப்பவரும் அப்படித்தான் கேட்பார். ஆனால் தெனாரியம் என்பது ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடத் தேவையான கூலி. வேலை கிடைக்காதவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கடவுளின் தாராளம் உழைப்புக் கணக்கில் அடங்காது என்பது அந்த முணுமுணுப்பில்தான் உறைக்கிறது.

அதே மாவட்டத்தின் கடலோரமான பழவேற்காட்டில் நிலைமை வேறு. வலையைக் கரைக்கு இழுத்து நல்ல மீனைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறியும் உவமை மத்தேயு 13இல் வருகிறது. செதிலும் துடுப்பும் இல்லாதவை யூதச் சட்டப்படி தீட்டு. கலிலேயாவில் கெளுத்தி கழிக்கப்படும். பழவேற்காட்டு ஏரியிலோ நல்ல விலை போவதே இறாலும் நண்டும்தான். எது ஆகாதது என்பதை இங்கே போதகர் விளக்கித்தான் ஆக வேண்டும். கரை சேரும் வரை வலைக்குள் பிரிவினை கிடையாது என்ற மையக் கருத்துக்கு மட்டும் விளக்கம் தேவைப்படாது.

விளக்கம் எதுவரை போகலாம் என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையில் புனித அகுஸ்தீன் ஒவ்வொன்றுக்கும் மறைபொருள் கண்டார்: சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல். ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிஷர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை மறுத்து, ஓர் உவமைக்கு ஒரே மையக் கருத்துதான் என்றார். 1935இல் பிரிட்டிஷ் அறிஞர் சி. எச். டாட், இயேசுவின் காலச் சூழலில் வைத்தே அவற்றைப் படிக்க வேண்டும் என வாதிட்டார். தமிழ்ப் பிரசங்கங்களில் அகுஸ்தீன் முறை இன்றும் கேட்கிறது. அதில் பக்திச் சுவை உண்டு. ஆனால் சத்திரக்காரர் யார் என்று தேடும் வேகத்தில், அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் கடந்து போனது பின்னுக்குப் போய்விடுகிறது.