நிரந்தர வதிவிடம் பெற்றவருக்கு விமானத்தில் ஏன் இடமில்லை?

2017 மார்ச் மாத நள்ளிரவு ஒன்றில், சென்னை விமான நிலையக் கவுன்ட்டர் ஒன்றில் என் பெட்டிகளை எடைபோட்டார்கள். சிறிது நேரத்தில் அவற்றைத் திரும்பக் கீழே இறக்கிவைத்தார்கள். அம்மாவின் கருமாதி முடிந்து நான்கு நாள்களே ஆகியிருந்தன. என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. ஆறு வாரங்களுக்கு முன் டொரன்டோவில் முதன்முதலாக இறங்கியபோது, கனடா குடியேற்ற அதிகாரி கையொப்பமிட்டுக் கொடுத்த ‘நிரந்தர வதிவிட அத்தாட்சி’யும் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் அதைப் பொறுமையாகப் படித்தார், கணினியில் எதையோ சரிபார்த்தார், மேலாளரை அழைத்தார். “நீங்க பி.ஆர்.னு இதுல இருக்கு சார். ஆனா கார்டு இல்லாம ஏத்த முடியாது” என்றார்.

அவர் சொன்னது சரி. அது சரி என்பது எனக்குப் புரிய மேலும் சில நாள்கள் ஆயின.

நம் செய்தித்தாள்கள் இதை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதுகின்றன. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. குடியுரிமை கிடைத்தவருக்கு அந்நாட்டின் கடவுச்சீட்டு கிடைக்கும். நிரந்தர வதிவிடம் பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார்; அவரது கடவுச்சீட்டு மாறுவதில்லை. ‘வதிவிட உரிமை’ என்று ஈழத்தமிழர் வழங்கும் சொல்லே துல்லியமானது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் கனடாவுக்கு விமானம் ஏற, அங்கே வசிக்கத் தனக்கு உரிமை உண்டு என்பதைத் தனியே ஓர் ஆவணத்தால் காட்டியாக வேண்டும். எந்த ஆவணம் என்பது பயணத்துக்குப் பயணம் மாறுகிறது.

முதல் பயணத்துக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, கடவுச்சீட்டில் ஒட்டப்படும் குடியேற்ற விசா. மற்றொன்று, ‘சிஓபிஆர்’ என்று சுருக்கி அழைக்கப்படும் அந்த அத்தாட்சித் தாள். இரண்டிலும் காலாவதி நாள் இருக்கும். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனை செல்லுபடியாகும் காலத்தையோ, கடவுச்சீட்டின் காலத்தையோ, இவற்றில் எது முன்னே முடிகிறதோ அதை ஒட்டியிருக்கும். அந்த நாளை நீட்டித்துத் தரும் வழக்கம் இல்லை. தவறவிட்டால் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆர்வக்கோளாறில் வீட்டிலேயே அத்தாட்சியில் கையொப்பமிட்டுவிடக் கூடாது. அதிகாரியின் முன்னிலையில்தான் இட வேண்டும். குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் முன்னதாகவோ உடனோ செல்ல வேண்டும். கணவர் பெயரில் விண்ணப்பம் இருக்க, பிள்ளைகளின் பள்ளித் திறப்பைக் கருதி மனைவியும் குழந்தைகளும் முதலில் போய்விட முடியாது.

ஆவணங்களைவிட ஆபத்தானது, அதிகாரி கேட்கும் ஒரு கேள்வி: விசா வந்த பிறகு உங்கள் குடும்ப நிலையில் மாற்றம் ஏதும் உண்டா? நம் ஊரில் விசா வந்த கையோடு பெண் பார்ப்பது வழக்கம். அவசரமாகத் திருமணத்தை முடித்துவிட்டு மாப்பிள்ளை தனியாக விமானம் ஏறுகிறார்; “போய்ச் சேர்ந்ததும் மனைவியை ஸ்பான்சர் செய்துகொள்ளலாம்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதிகாரியிடம் திருமணத்தைச் சொன்னால் தாமதமாகும் என்று அஞ்சி, ‘இல்லை’ என்கிறார். கனடாவின் குடியேற்ற விதிமுறைகளில் 117ஆவது விதியின் 9ஆம் உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. குடியேறும் வேளையில் தெரிவிக்கப்படாமலும், அதனால் பரிசீலிக்கப்படாமலும் விடப்பட்ட துணையையோ குழந்தையையோ பின்னர் குடும்ப வகுப்பில் அழைத்துக்கொள்ள முடியாது. 2005இல் அந்நாட்டின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 2019இல் கொண்டுவந்த தற்காலிகக் கொள்கை சிலருக்குத் தளர்வு அளித்தது. ஆனால், அதை நம்பி யாரும் விமானம் ஏறக் கூடாது. திருமணமோ குழந்தைப் பேறோ நிகழ்ந்திருந்தால், புறப்படும் முன்பே எழுதித் தெரிவித்துவிட வேண்டும். பயணம் சில மாதங்கள் தள்ளிப்போகலாம். போகட்டும்.

பெயர் நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும். கனடாவின் படிவத்தில் அதே பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். விமானச் சீட்டு முன்பதிவு செய்பவர் மூன்றாவதாக ஒரு வடிவத்தில் அடித்துவைப்பார். தந்தை, தாய், மகன் ஆகிய மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பது அங்குள்ளவர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். கடவுச்சீட்டு, விசா, அத்தாட்சி, விமானச் சீட்டு நான்கையும் மேசைமேல் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடலாம். பிழை இருந்தால் புறப்படும் முன்னரே திருத்தக் கேட்க வேண்டும்.

வழியையும் கவனிக்க வேண்டும். விலை குறைவு என்று அமெரிக்கா வழியாகச் சீட்டு எடுத்தால், அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். குடிநுழைவைக் கடக்காமல் விமானம் மாறும் வசதி அந்நாட்டு விமான நிலையங்களில் கிடையாது. அதுபோல, வின்னிபெக் செல்பவரானாலும் கனடாவில் முதலில் தொடும் நகரத்திலேயே குடியேற்றச் சடங்கு முழுவதும் நடக்கும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்கிட்டவர்கள், வரிசையில் நின்றபடியே அந்த விமானத்தைத் தவறவிடுவார்கள். கொண்டுசெல்லும் பொருள்களுக்கும், பின்னால் வரவிருக்கும் பொருள்களுக்கும் தனித்தனிப் பட்டியல் தர வேண்டும். தாலிச்சங்கிலி முதல் வளையல் வரை நகைகளை விவரம், மதிப்பு, புகைப்படத்துடன் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக இருந்தால் அறிவித்துவிட வேண்டும். அறிவிப்பதற்கு வரி இல்லை, மறைத்தால்தான் தொல்லை.

இவையெல்லாம் நான் சரியாகவே செய்தவை. நான் தவறியது அதற்கடுத்த கட்டத்தில்.

குடியேற்ற விசா ஒரே ஒரு நுழைவுக்கானது. இறங்கிய அன்றே அதன் ஆயுள் முடிகிறது. அத்தாட்சித் தாள் நான் யார் என்பதைச் சொல்லும் பதிவேயன்றி, பயண ஆவணம் அல்ல. அடுத்த முறை விமானம் ஏற ‘பி.ஆர். கார்டு’ எனும் அட்டை வேண்டும். அது கனடாவில் உள்ள முகவரிக்கு மட்டுமே, தபாலில், சில வாரங்கள் கழித்து வரும். இறங்கிய 180 நாள்களுக்குள் முகவரி தராவிட்டால், கட்டணம் செலுத்தித் தனியாக விண்ணப்பிக்க நேரிடும். கனடாவிலேயே படித்து, வேலைபார்த்து, அங்கிருந்தபடியே நிரந்தர வதிவிடம் பெறுவோருக்குக் கொரோனா காலத்திலிருந்து மின்னணு அத்தாட்சி வழங்குகிறார்கள். அதுவும் பயண ஆவணம் அல்ல. “அட்டை வரும்வரை வெளிநாடு போகாதீர்கள்” என்று டொரன்டோ அதிகாரி என்னிடம் சொல்லத்தான் செய்தார். நானும் தலையாட்டினேன். மூன்றே வாரங்களில் அம்மா இறந்துபோவார் என்று அப்போது தெரியாது.

கனடாவின் குடியேற்றச் சட்டத்தில் 27ஆவது பிரிவு, நிரந்தர வதிவாளருக்கு அந்நாட்டில் நுழையும் உரிமை உண்டு என்கிறது. டொரன்டோவின் வாசலில் நின்றிருந்தால், பழைய அத்தாட்சியைக் கொண்டே என் உரிமையை நிறுவியிருக்கலாம். ஆனால், வாசலுக்குப் போவது எப்படி? உரிய ஆவணமில்லாத ஒருவரைக் கொண்டுவரக் கூடாது என்று அதே சட்டம் விமான நிறுவனத்துக்கு விதிக்கிறது. மீறினால் அந்நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே, கனடாவின் எல்லை எனக்குச் சென்னையில், ஒரு கவுன்ட்டரில் இருந்தது. அங்கே சட்டப் பிரிவைப் படித்துக் காட்டிப் பயனில்லை. 2003 டிசம்பர் 31க்கு முன், அட்டை கட்டாயமாக்கப்படாத காலத்தில், குடியேற்றப் பதிவுத் தாளைக் காட்டி விமானம் ஏறியவர்கள் உண்டு. வீட்டில் பழைய கதை கேட்டு வருபவர்கள் இன்றும் இதில் ஏமாறுகிறார்கள்.

வெளியில் சிக்கியவருக்கு இருக்கும் வழி, ‘நிரந்தர வதிவாளர் பயண ஆவணம்’. கனடாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்து, கடவுச்சீட்டில் பெற வேண்டியது. அமெரிக்க விசா உள்ளவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு: அமெரிக்காவுக்குப் பறந்து, அங்கிருந்து தனியார் காரில் தரைவழியாகக் கனடாவின் எல்லையை அடையலாம். பேருந்தோ ரயிலோ உதவாது. அவையும் விமானத்தைப் போலவே ஆவணம் கேட்கும். என்னிடம் அமெரிக்க விசா இல்லை. விண்ணப்பித்தேன், காத்திருந்தேன். இருபத்தாறு நாள்கள் ஆயின. புதிதாகச் சேர்ந்த வேலை எனக்காகக் காத்திருக்கவில்லை.

இதைத் தவிர்க்க முடியாத விதி என்று நான் கருதவில்லை. அமெரிக்கா தன் குடியேற்ற விசாவிலேயே, நுழைவு முத்திரை பதிந்த பிறகு ஓராண்டுக்கு அது நிரந்தர வதிவிடச் சான்றாகச் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. கிரீன் கார்டு வராவிட்டாலும் ஊருக்கு வந்து திரும்பலாம். ஆஸ்திரேலியா விசாவை ஒட்டுவதையே நிறுத்தி, உரிமையைக் கடவுச்சீட்டு எண்ணோடு கணினியில் இணைத்துவிட்டது. அங்கே ஐந்தாண்டுகளில் முடியும் பயண வசதியைப் புதுப்பிக்க மறப்பவர்களுக்குத் தனிச் சங்கடம் உண்டு என்றாலும், இறங்கிய மாதத்தில் தாயைப் பறிகொடுத்தவர் மாட்டிக்கொள்வதில்லை. கனடாவும் குடியேற்ற விசாவை மூன்று மாதங்களுக்கு மறுநுழைவு விசாவாக ஆக்கினால் போதும். அதுவரை, முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் திரும்பிவரும் சீட்டு எதையும் எடுத்துவைக்காதீர்கள். ஊரில் முதியவர்கள் நோயுற்றிருந்தால், முடிந்தவரை அவர்களோடு இருந்துவிட்டு, அத்தாட்சியின் கடைசி நாளை ஒட்டிப் புறப்படுவதைப் பற்றியும் யோசியுங்கள்.

ஸ்கார்பரோவில் என்னுடன் தங்கியிருந்த நண்பர் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துச் செய்தி அனுப்புவார். நான் திரும்பிய மூன்றாம் நாள் அட்டை வந்தது.