கல் பார்த்துட்டீங்களா? – மாவாகும் முன் தானியம் கடக்கும் சோதனைகள்



தீபாவளி நெருங்கும்போது நம் வீடுகளில் வழக்கமாக ஒரு வேலை நடக்கும். அரிசி, உளுந்து, கோதுமை, மிளகாய், மல்லி எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு மாவு மில்லுக்குப் போவோம். மில்காரர் டின்னைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார். பிறகு தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "அம்மா, கல்லெல்லாம் பார்த்துட்டீங்களா?"

அவருக்கு இயந்திரத்தைப் பற்றிய கவலை. ஆணியோ கல்லோ உள்ளே போனால் அரைக்கும் பகுதி கெட்டுவிடும். ஆனால் அந்தக் கேள்விக்குள் நம்மைப் பற்றிய கவலையும் இருக்கிறது. தானியம் தானியமாக இருக்கும்வரை அதில் கலந்ததைப் பிரித்துவிடலாம். மாவாகிவிட்டால் கல்லும் மாவு, களைவிதையும் மாவு, பூசணமும் மாவுதான். அதற்குப் பிறகு எந்தக் கண்ணாலும் பொறுக்க முடியாது.

ஆகவே, ஒரு மாவு ஆலையில் அரைக்கும் இயந்திரத்திற்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டோ, அவ்வளவு முக்கியத்துவம் அதற்கு முன்னால் நிற்கும் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கும் உண்டு. அவை எப்படி வேலை செய்கின்றன, எதை நீக்குகின்றன, எதை நீக்க முடியாது என்பதை இன்று பார்ப்போம்.

கப்பலில் வருவது கோதுமை மட்டுமல்ல

நாம் ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் பயன்படுத்தும் கோதுமை மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ விளைவதில்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே வயலில் அறுவடை இயந்திரம் கோதுமைக் கதிரை மட்டும் தேர்ந்தெடுத்து அறுப்பதில்லை. பக்கத்தில் வளர்ந்த களைச்செடியையும் சேர்த்தே அறுக்கும். மண்கட்டியும் சிறு கல்லும் கூடவே வரும். பிறகு லாரி, ரயில், சேமிப்புக் கிடங்கு, கப்பல் என்று பல கைகள் மாறும்போது இரும்புத் துண்டு, கயிறு, மரச்சிராய், பூச்சி, வேறு தானியம் என ஒவ்வொன்றாகச் சேரும்.

ஒரு கிலோ கோதுமையில் ஏறக்குறைய 25,000 முதல் 30,000 மணிகள் இருக்கும். மணிக்கு 10 டன் அரைக்கும் ஓர் ஆலை, ஒரே மணி நேரத்தில் 250 மில்லியனுக்கும் மேற்பட்ட மணிகளைச் சோதித்தாக வேண்டும். எத்தனை ஆட்களை உட்காரவைத்தாலும் கையால் ஆகாத காரியம் இது.

பாட்டியின் முறமும் ஆலையின் இயந்திரமும்

ஆனால் இந்த இயந்திரங்களின் அடிப்படை நமக்குப் புதியதல்ல. தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் தங்கள் பாட்டி முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். 'சுத்தம் செய்தல்' என்று நாம் இன்று ஒரே சொல்லில் சொல்வதற்கு அவர்களிடம் பல சொற்கள் இருந்தன. சலித்தல், தூற்றுதல், புடைத்தல், கொழித்தல், அரித்தல், பொறுக்குதல்.

இவை ஒரே வேலைக்குப் பல பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி முறை. சலித்தல் அளவைக் கொண்டு பிரிக்கிறது. தூற்றுவதும் புடைப்பதும் காற்றில் பறப்பதையும் பறக்காததையும் பிரிக்கின்றன. கொழிப்பதும் தண்ணீரில் அரிப்பதும் கனமான கல்லை ஒதுக்குகின்றன. பொறுக்குதல் கண்ணை நம்பியது. நிறமும் தோற்றமும்தான் அதற்கு வழிகாட்டி.

சுத்திகரிப்பின் இரகசியம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. நல்ல மணிக்கும் கெட்டதற்கும் ஏதாவது ஒரு வேற்றுமை இருக்க வேண்டும். அந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்க முடியும். கையானாலும் இயந்திரமானாலும் விதி ஒன்றுதான்.

தூற்றுவதை இயந்திரமாக்கிய பெருமை சீனர்களுக்கு உரியது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் விசிறி காற்றை வீசிப் பதரைத் தள்ளும் பெட்டியை அவர்கள் ஹான் வம்சக் காலத்திலேயே பயன்படுத்தினர். அக்காலக் கல்லறைகளில் அதன் மண் பொம்மைகள் கிடைத்துள்ளன. 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வழியாக இது ஐரோப்பாவுக்குச் சென்றதாக வரலாற்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

வரிசையாக நிற்கும் காவலர்கள்

இன்றைய ஆலைக்குள் நுழைந்து பார்ப்போம். கோதுமை முதலில் சந்திப்பது காந்தத்தை. ஆணி, திருகு, கம்பித்துண்டு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். காந்தம் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. வழியில் சில இடங்களிலும், அரைக்கும் உருளைக்கு முன்னால் கடைசியாக ஒருமுறையும் வைத்திருப்பார்கள்.

அடுத்தது அதிரும் சல்லடை. இதில் இரண்டு தட்டுகள். மேல்தட்டின் துளை கோதுமையைவிடப் பெரியது. வைக்கோல், கயிறு, மண்கட்டி மேலே தங்க, கோதுமை கீழே இறங்கும். கீழ்த்தட்டின் துளை கோதுமையைவிடச் சிறியது. மணலும் சிறு விதைகளும் கீழே விழ, கோதுமை மேலே தங்கும். வெளியே வரும்போது ஒரு காற்றோட்டம் குறுக்கே புகுந்து உமி, தூசி, பூச்சி அரித்த உள்ளீடற்ற மணி ஆகியவற்றை இழுத்துச் செல்லும்.

கோதுமை அளவிலேயே ஒரு கல் இருந்தால் என்ன செய்வது? சல்லடை ஏமாந்துவிடும். இங்கேதான் கல் நீக்கும் இயந்திரம் வருகிறது. சாய்வாக வைத்த, துளைகள் உள்ள ஒரு தட்டு. அது அதிர்ந்துகொண்டே இருக்கும். கீழிருந்து காற்று மேலே வீசும். கோதுமை இலேசானது. காற்று அதைச் சற்றே தூக்கிப் பிடிப்பதால், அது தண்ணீர்போல் சரிவில் கீழே ஓடிவிடும். கல் கனமானது. தட்டிலேயே படிந்து கிடக்கும். தட்டின் அதிர்வு அதை உந்தி உந்தி மேட்டுப்பக்கம் ஏற்றிவிடும். தானியம் கீழே, கல் மேலே! பாட்டி முறத்தில் கொழித்ததும் ஏறக்குறைய இதேதான்.

வடிவத்தைக் கொண்டு பிரிக்கும் இயந்திரம் இன்னொன்று. உட்சுவர் முழுவதும் சிறு குழிகள் உள்ள ஓர் உருளை மெல்லச் சுழலும். உருண்டையான களைவிதை குழிக்குள் அடங்கி மேலே போய், நடுவிலுள்ள தொட்டியில் விழும். நீளமான கோதுமை குழியில் அடங்காமல் கீழேயே தங்கிவிடும். ஓட்ஸ் போன்ற நீள மணிகளை நீக்கப் பெரிய குழிகள் உள்ள இன்னோர் உருளை. அங்கே கோதுமை மேலே போகும், ஓட்ஸ் கீழே தங்கும்.

அடுத்து, மணிகளைக் கம்பி வலையோடு உரசவிட்டுத் தேய்க்கும் இயந்திரம். கோதுமை மணியின் ஒரு பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறதே, தூசி அங்கே ஒட்டியிருக்கும். உமியிலும் அழுக்கு படிந்திருக்கும். தேய்ப்பதால் இவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இறுதியாக நிறம் பிரிக்கும் இயந்திரம். அருவிபோல் விழும் மணிகளை இருபுறமும் கேமராக்கள் பார்க்கும். நிறம் மாறிய மணி தெரிந்த மறுகணமே, ஒரு சிறு குழாயிலிருந்து காற்று 'புஸ்' என்று அடித்து அதை மட்டும் தள்ளிவிடும். நம் பேரங்காடிகளில் இன்று விற்கும் அரிசியில் கறுப்பு மணியே கண்ணில் படாததற்கு அரிசி ஆலைகளிலுள்ள இதே வகை இயந்திரம் ஒரு முக்கிய காரணம்.

இதற்கிடையில் கோதுமையில் அளவாகத் தண்ணீர் சேர்த்து, ஈரப்பதம் ஏறக்குறைய 16 விழுக்காடு வரும்படி செய்து பல மணி நேரம் ஊறவிடுவார்கள். அப்போது தவிடு வளைந்து கொடுக்கும், உள்ளிருக்கும் வெண்பகுதி இளகும். தவிடு நொறுங்கி மாவில் கலக்காமல், அகலமான செதிலாகப் பிரிந்து வருவதற்கான ஏற்பாடு இது.

கவனம் தவறினால்

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1878ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் 'ஏ' என்ற பெரிய மாவு ஆலை வெடித்துச் சிதறியது. 18 பேர் மாண்டனர். அரைகற்கள் உரசி எழுந்த தீப்பொறி, காற்றில் மிதந்த மாவுத் தூளைப் பற்றவைத்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. மாவுத் தூள் காற்றில் அடர்ந்து நிற்கும்போது வெடிமருந்துக்குச் சமம். தானியத்தோடு போகும் ஓர் இரும்புத் துண்டும் அப்படிப்பட்ட பொறியைக் கிளப்பக்கூடும். காந்தமும் கல் நீக்கும் இயந்திரமும் நம் பற்களை மட்டும் காப்பதில்லை. ஆலையில் வேலை செய்வோரின் உயிரையும் காக்கின்றன.

இரண்டாவது, அண்மைக் காலத்தில் நடந்தது. 2019ஆம் ஆண்டு உகாண்டாவில் உதவிப் பொருளாக வழங்கப்பட்ட சத்துமாவை உண்ட ஏறக்குறைய 300 பேர் நோயுற்றனர். மனக்குழப்பம், பிதற்றல் எனப் பலவகை அறிகுறிகள். ஐவர் இறந்தனர். மாவைச் சோதித்தபோது ஊமத்தை இனச் செடிகளில் காணப்படும் நஞ்சு அதில் இருந்தது. ஊமத்தை நமக்குத் தெரியாத செடியா? வயலில் களையாக வளர்ந்து, பயிரோடு சேர்ந்து அறுக்கப்பட்டால் அதன் விதையும் மூட்டைக்குள் வந்துவிடும். விதையாக இருக்கும்போது பிரித்திருந்தால் அது குப்பை. அரைத்த பிறகு அது நஞ்சு.

இயந்திரத்தால் ஆகாதது

வேற்றுமை இருந்தால்தான் பிரிக்க முடியும் என்றேன். வேற்றுமை தெரியாவிட்டால்?

1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈராக்கிற்கு விதைப்பதற்காகக் கோதுமையும் பார்லியும் கொண்டுவரப்பட்டன. பூசணம் பிடிக்காமல் இருக்க அவற்றில் பாதரசம் கலந்த மருந்து பூசப்பட்டிருந்தது. உண்ணக்கூடாது என்பதைக் காட்டச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். விதைப்புக் காலம் கடந்துவிட்டது. கிராமத்து மக்கள் தானியத்தைக் கழுவினார்கள். சாயம் போயிற்று. நஞ்சும் போயிற்று என்று நம்பி, அரைத்து ரொட்டி சுட்டார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கே இறந்தவர்கள் மட்டும் 459 பேர். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு, சுத்தமாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் இல்லை.

நம் நாட்டுப் பக்கமும் ஒரு துயரம் உண்டு. 1988இல் பேராக் மாநிலத்தில் சீனர்களின் பண்டிகைக் காலத்தில் ஒருவகை மீ சாப்பிட்ட பிள்ளைகளில் 13 பேர் கல்லீரல் பாதிக்கப்பட்டு இறந்தனர். மீயில் சேர்த்திருந்த போரிக் அமிலம் பற்றியும் அப்போது பேசப்பட்டது. இறந்த பிள்ளைகளின் உடலில் அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு இருந்ததை மருத்துவ ஆய்வுகள் காட்டின.

பூசணம் பிடித்த மணி பெரும்பாலும் எடை குறைந்தோ நிறம் மாறியோ இருக்கும். ஆகவே காற்றும் கேமராவும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் மணியிலும் அந்த நஞ்சு ஒளிந்திருக்கலாம். நாம் சமைக்கும் சூட்டில் அது முற்றாக அழிவதில்லை. இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். அதற்கும் முன்னால், தானியம் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மில்லுக்குக் கொண்டுபோகும் தானியத்தைக் கழுவினால், உள்ளீரம் போக நன்றாகக் காயவையுங்கள். மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்ததை மூடி வைக்காதீர்கள். தட்டில் பரப்பி ஒரு காந்தத்தை மேலே நடத்திப் பாருங்கள். அறியாத விதை தென்பட்டால் 'ஒன்றிரண்டுதானே' என்று விடாதீர்கள்.

பூசண வாடை அடிக்கும் அரிசி, கசக்கும் வேர்க்கடலை, கறுத்த மக்காச்சோளம் ஆகியவற்றைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காமல் வீசிவிடுங்கள். விதைப்பதற்காக விற்கும் தானியத்தைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. எத்தனை இயந்திரங்களைக் கடந்து வந்தாலும் மாவு வேகாத பொருள்தான். கிருமிகள் எல்லாவற்றையும் சுத்திகரிப்பு கொல்வதில்லை. 2016இல் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழி பரவிய ஈ.கோலை கிருமியால் 63 பேர் நோயுற்றனர். கேக் மாவை விரலால் வழித்துச் சாப்பிடும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்கள்.

அடுத்த முறை மாவு மில்லில் அந்தக் கேள்வி வரும்போது, "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்று அவசரமாகத் தலையாட்டாமல், அந்த டின்னில் நாமும் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்போம். அரைப்பதற்கு முன் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது.