காட்டுத்தட ஊர்திப் பயணப் பாதுகாப்பு

காட்டுத்தட ஊர்திப் பயணப் பாதுகாப்பு என்பது, நான்கு சக்கரங்களுக்கும் பொறியின் ஆற்றல் செலுத்தப்படும் ஊர்திகளில், தார் இடப்படாத காட்டு வழிகளிலும் மலை வழிகளிலும் செல்வோர் தம்மையும் பிறரையும் காட்டையும் காத்துக்கொள்ளக் கடைப்பிடிக்கும் முறைகளைக் குறிக்கும். ஜீப், தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஊர்திகள் இந்தியாவில் இவ்வகைப் பயணத்திற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. வார இறுதிப் பொழுதுபோக்காக இது வளர்ந்துள்ள அளவிற்கு, இதன் இடர்கள் பற்றிய அறிவு வளரவில்லை எனலாம். நாற்சக்கர இயக்கம் ஓர் ஊர்தியை எளிதில் சிக்காமல் காக்கிறது. ஆனால், சிக்கும்பொழுது உதவி கிடைக்கும் இடத்திலிருந்து மிகத் தொலைவில் சிக்கவைப்பதும் அதே இயக்கமே ஆகும்.

காஞ்சிபுரமும் சவ்வாது மலையும்

பட்டு நெசவிற்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரம் சமவெளியில் அமைந்த நகரம். இங்கிருந்து மலைக்காட்டை நாடுவோர் பெரும்பாலும் செய்யாறு, ஆரணி, போளூர் வழியாகச் சவ்வாது மலைக்குச் செல்கின்றனர். வழியில் உள்ள செய்யாற்றில் மகிந்திரா நிறுவனம் 454 ஏக்கர் பரப்பில் அமைத்த ஊர்திச் சோதனைத் தடம் 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மேடு, பள்ளம், சேறு, சரிவு என அனைத்திலும் ஊர்திகள் இங்குச் சோதிக்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோருக்கு அத்தகைய பயிற்சி எதுவும் கட்டாயம் இல்லை. வழக்கமான ஓட்டுநர் உரிமமே போதுமானது.

சவ்வாது மலை ஆளில்லாக் காடு அன்று. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் சாமை விளையும் நிலங்களும் அங்கு உண்டு. வரைபடத்தில் காட்டுத்தடமாகத் தெரிவது பல இடங்களில் பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களும் ஆடுமாடுகளும் நடக்கும் ஊர்வழி ஆகும். வளைவுக்கு அப்பால் ஆள் இருப்பதாகக் கருதியே ஓட்ட வேண்டும்.

நாற்சக்கர இயக்கத்தின் எல்லை

ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவதால், வழுக்கும் தரையில் ஊர்தி முன்னேறும் திறன் கூடுகிறது. நிற்கும் திறன் கூடுவதில்லை. இருசக்கர இயக்க ஊர்தியிலும் தடுப்பு நான்கு சக்கரங்களிலும் செயல்படுவதே இதற்குக் காரணம். ஏற்றத்தில் எளிதாக ஏறிய ஊர்தி இறக்கத்திலும் அவ்வாறே நிற்கும் என நம்புவது தவறு.

செங்குத்தான இறக்கத்தில், ஓட்டுநர்கள் 'ஃபோர் லோ' என்று அழைக்கும் குறைவேக நிலையில், முதலாம் கியரில், பொறியின் இழுவையே ஊர்தியைத் தடுக்குமாறு இறங்க வேண்டும். கிளச்சை மிதித்தாலோ, நியூட்ரலில் விட்டாலோ அந்தத் தடுப்பு இல்லாமற் போகும். இந்நிலையை மாற்றும் நெம்புகோலைச் சிக்கிய பின்னர் தேடாமல், தடத்தில் நுழையும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பகுதிநேர நாற்சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளில், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் அதை விலக்கிவிட வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்பட்டிருப்பதால், பிடிப்பு மிக்க சாலையில் திரும்பும்போது உறுப்புகள் முறுக்கேறிப் பழுதடையும்.

சரிவில் நேராக ஏறுதல், நேராக இறங்குதல் என்பதே விதி. குறுக்காகச் சென்றால் ஊர்தி பக்கவாட்டில் உருளும். பாதி ஏற்றத்தில் பொறி நின்றுவிட்டால் திருப்ப முயலக்கூடாது. தடுப்பை அழுத்தியவாறு மீண்டும் பொறியை இயக்கி, பின்னோக்கிச் செல்லும் கியரில் வந்த தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். மேற்கூரைச் சுமைச்சட்டத்தில் ஏற்றப்படும் கூடாரம், எரிபொருள் கலன், உதிரிச் சக்கரம் ஆகியவை ஈர்ப்பு மையத்தை உயர்த்தி உருளும் வாய்ப்பைப் பெருக்குகின்றன. பார்வைக்கு மிடுக்காக இருப்பினும் இது தவிர்க்கத்தக்கது. பழைய ஜீப்களில் பக்கம் நோக்கிய பின் இருக்கைகளுக்கு இருக்கைப் பட்டி இருப்பதில்லை. அவற்றில் ஆளேற்றாமல் இருப்பதே பாதுகாப்பானது.

நீரைக் கடத்தல்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல் அருகே பாலாற்றுடன் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் பாலாற்றில், 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளம் வந்ததை இப்பகுதியினர் அறிவர். மலையோடைகளின் இயல்பும் இதுவே. தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்க, மேல்மலையில் பெய்த மழை காய்ந்த ஓடையைச் சிறு நேரத்தில் நிரப்பிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை ஓடைப்படுகையில் ஊர்தியை நிறுத்துவதோ கூடாரம் அடிப்பதோ கூடாது.

ஓடும் நீரில் ஏறத்தாழ 30 செ.மீ. ஆழமே சிறு மகிழுந்தை மிதக்கவைக்கப் போதுமானது. 60 செ.மீ. ஆழம் பெரிய ஊர்திகளையும் அடித்துச் செல்லும். தயாரிப்பாளர் குறிப்பிடும் நீர்கடக்கும் ஆழம் தேங்கிய நீருக்கே பொருந்தும், ஓடும் நீருக்கு அன்று. விளம்பரங்களில் இவ்வேறுபாடு சொல்லப்படுவதில்லை. தேங்கிய நீரானால் கோலால் ஆழம் பார்த்து, அடியில் கல்லா சேறா என்று அறிந்த பின் இறங்க வேண்டும். அடி தெரியாத கலங்கலான நீர் ஓடினால் திரும்பிவிட வேண்டும். நீர் நடுவில் பொறி நின்றுபோனால் மீண்டும் இயக்கக்கூடாது. காற்றுக் குழாய் வழியாக உருளைக்குள் புகுந்த நீர் அமுங்காது என்பதால், பொறியின் தண்டுகள் வளைந்துவிடும். கடந்து ஏறியதும் தடுப்பை மெதுவாகச் சிலமுறை அழுத்தி உலர்த்த வேண்டும்.

தீ

பிப்ரவரி முதல் மே வரை இலையுதிர் காடுகள் காய்ந்து கிடக்கும். பெட்ரோல் ஊர்திகளின் வினையூக்கி மாற்றியும் டீசல் ஊர்திகளின் புகைவடிப்பானும் மிகுந்த வெப்பம் அடைவன. உயர்ந்த காய்ந்த புல்லின் மேல் ஊர்தியை நிறுத்தினால், அடியில் சிக்கிய புல் பற்றிக்கொள்ளக்கூடும். மண் தெரியும் இடத்தில் மட்டுமே நிறுத்த வேண்டும். இடையிடையே அடிப்பாகத்தில் சிக்கிய புல்லை அகற்றுவதும் தீயணைப்பான் வைத்திருப்பதும் தேவை.

மலைச்சரிவில் தீ எவ்வளவு விரைவாக மேலேறும் என்பதற்குத் தேனி மாவட்டம் குரங்கணியில் நிகழ்ந்த பேரிடர் சான்றாகும். அது ஊர்திப் பயணம் அன்று, மலையேற்றம். கொழுக்குமலைப் பகுதியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினரை மார்ச் 11, 2018 அன்று காட்டுத்தீ சூழ்ந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் உரிய அனுமதியின்றிச் சென்றதாக அரசு தெரிவித்தது. மீட்பிற்கு வான்படையின் உலங்கு வானூர்திகள் வரவழைக்கப்பட்டன. இதன் பின்னர்த் தமிழக அரசு 2018-இலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. அதே கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்கள் மட்டுமே ஏறத்தக்க கரடுமுரடான தடம் உள்ளது. இடுக்கி மாவட்டத்தில் நேர்ந்த விபத்துகளைத் தொடர்ந்து, 2025 சூலையில் அம்மாவட்ட ஆட்சியர் ஜீப் உலாக்களுக்குத் தடை விதித்தார். பின்னர் அது நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது.

அனுமதியும் சட்டமும்

காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைதல் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றமாகும். சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும். பலர் அனுமதியை வெறும் தண்டத்தொகை சார்ந்த செய்தியாகக் கருதுகின்றனர். ஆனால் சோதனைச் சாவடிப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான், மாலையில் திரும்பாத ஊர்தியைப் பற்றி ஒருவருக்குத் தெரியவரும். களவாக நுழைந்தவரைத் தேட எவரும் புறப்படுவதில்லை. அனுமதி பெற்றிருப்பினும், செல்லும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துச் செல்ல வேண்டும்.

ஊர்தியின் முன்புறம் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புச் சட்டங்களை நடுவண் அரசு 2017 திசம்பரில் தடைசெய்தது. அவை மோதப்படுவோருக்குக் கேடு விளைவிப்பதோடு, காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதையும் குலைக்கக்கூடும். செயற்கைக்கோள் பேசிகளை உரிமம் இன்றி வைத்திருப்பதும் இந்தியாவில் குற்றமாகும். வெளிநாட்டுக் கையேடுகள் அவற்றைப் பரிந்துரைப்பதால் இதை அறிந்திருப்பது நன்று.

யானைகள்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளுக்கு ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் வருவதுண்டு. ஓசூர், சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் அவை இயல்பாக எதிர்ப்படும். யானையைக் கண்டால் தொலைவிலேயே நிறுத்தி, ஒலிப்பான் எழுப்பாமல், விளக்கை மின்னவிடாமல், இடைவெளி விட்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும். படம் எடுக்க இறங்குதல் கூடாது. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் இருசக்கர ஊர்தியில் சென்ற செருமானியப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். அது காட்டுத்தடம் அன்று, பேருந்து செல்லும் சாலை. பண்ணாரி–திம்பம் மலைப்பாதையிலும் முதுமலை–பந்திப்பூர்ச் சாலையிலும் இரவுப் போக்குவரத்திற்குக் கட்டுப்பாடுகள் உள்ளதால், திரும்பும் நேரத்தை அதற்கேற்ப வகுக்க வேண்டும்.

மீட்பு

தனி ஊர்தியாகச் செல்லாமல், குறைந்தது இரண்டு ஊர்திகளாகச் செல்லுதல் வேண்டும். மணலில் புதைந்தால் சக்கரக் காற்றை மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறைத்து, முன்னால் உள்ள மணலை மண்வெட்டியால் அகற்றினாலே பெரும்பாலும் வெளிவரலாம். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை நிரப்பச் சிறு அமுக்கி ஒன்று தேவை. விசையை மேலும் மேலும் அழுத்துவது ஊர்தியை இன்னும் ஆழப் புதைக்கும்.

இழுத்து மீட்கும்போதே கடுங்காயங்கள் மிகுதியாக நேர வாய்ப்புண்டு. இழுபட்டையைத் தயாரிப்பாளர் அமைத்த கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுவண்டிக் குமிழில் மாட்டினால் அது பிய்ந்து குண்டுபோல் பாயும். கம்பிவடம் அறுந்தால் சுழன்று தாக்காதிருக்க, அதன் நடுவில் கனத்த கம்பளியையோ சாக்கையோ போட்டு, வடத்தின் நீளத்தைவிடக் கூடுதல் தொலைவில் அனைவரும் விலகி நிற்க வேண்டும்.

பாம்புக்கடி நேர்ந்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அறுத்தல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியன கேடு விளைவிப்பவை. 108 அவசர ஊர்திச் சேவைக்குக் கைபேசி அலை வேண்டும். மலையில் அலை கடைசியாகக் கிடைத்த இடத்தை ஏறும்போதே குறித்துக்கொண்டால், அழைக்க எங்குத் திரும்பி ஓட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.