மாடியில் நான்கு பைகள்: குடும்பத்துக்கு என்ன பயன்?

சென்னை போன்ற நகரங்களில் வீட்டுத் தோட்டம் என்றால் மொட்டை மாடியின் ஒரு மூலை, அல்லது பால்கனி. அந்த இடத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி முழுவதும் விளையாது. ஆகவே கஷ்டப்படும் வீட்டாரிடம், “உதவி எதற்கு? மாடியில் தோட்டம் போடலாமே” என்று சொல்வது நியாயமல்ல. தோட்டம் உதவித்தொகைக்கு மாற்றாகாது. ஆனால் தேர்ந்து பயிரிட்டால் உறுதியான பலன் உண்டு.

எதை வளர்ப்பது?

அடிக்கடி சிறிது சிறிதாக வாங்கி, பாதியை வாடவிட்டுக் குப்பையில் போடுகிறோமே, அவற்றை முதலில் வளருங்கள்: புதினா, மல்லி, பச்சை மிளகாய், கீரை. புதினாவும் மல்லியும் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு வாரம்கூடச் சமையல் நடப்பதில்லை. இலையைக் கிள்ளிய புதினாத் தண்டை நட்டாலே வேர் பிடிக்கும். வெந்தயக்கீரை சுமார் மூன்று வாரத்திலும், சிறுகீரை நான்கு வாரத்திலும் பறிக்கலாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 ரூபாய்க்கு இவற்றை வாங்கினால் மாதம் 150 ரூபாய், ஆண்டுக்கு 1,800 ரூபாய். அதில் பாதி மிஞ்சினாலும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு உதவும்.

வீண் செலவு வேண்டாம்

3,000 ரூபாய்க்குத் தொட்டிகள் வாங்கினால், ஆண்டுக்கு 900 ரூபாய் மிச்சத்தில் அதை ஈடுகட்டவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அடியில் துளையிட்ட பழைய வாளியும் அரிசிப் பையும் போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர், உளூ செய்த நீர் எல்லாவற்றையும் செடிக்கு ஊற்றலாம். உப்பும் சோப்பும் கலந்த நீர் ஆகாது.

உடல்நலமும் உறவும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளது. கீரை மட்டும் அதைத் தீர்க்காது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கீரை இருந்தால் அடிக்கடி தட்டுக்கு வரும். அதோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாப்பாவுக்கும், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத உம்மாவுக்கும் காலையில் ஒரு வேலை கிடைக்கிறது. மிஞ்சிய புதினா அடுத்த வீட்டுக்குப் போகும்போது, முன்பு பேசாதவர்களும் பேசத் தொடங்குவார்கள்.

கவனிக்க வேண்டியவை

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். மண் மட்டும் நிரப்பிய ஓர் அடிப் பை நனைந்தால் முப்பது கிலோவைத் தாண்டும். பழைய கட்டடத்தில் பைகளைச் சுவரோரமாகப் பரப்பி வையுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால் உறவு கெடும். பைகளைச் செங்கல் மேல் வைத்து, தளத்தில் நீர் தேங்காமல் பாருங்கள். தட்டுகளில் தேங்கும் நீரில் டெங்கு கொசு பெருகும். வாரம் இருமுறையாவது கொட்டிவிடுங்கள்.

முதலில் நான்கு பைகள் போதும். அவற்றை மூன்று மாதம் காப்பாற்றிய பிறகு ஐந்தாவதைப் பற்றி யோசிக்கலாம்.