கோணல் பிரெட்டுக்கு ஒரு வைத்தியம்!

பேக்கரியில் முழு பிரெட் வாங்கி வீட்டிலேயே வெட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான். துண்டின் ஒரு ஓரம் அப்பளம். மறு ஓரம் செங்கல். நடுவே தொப்பூர் கணவாய் மாதிரி ஒரு சரிவு! "ஏம்மா, இது பிரெட்டா, கதவுக்கு வைக்கிற ஆப்பா?" என்று வீட்டுக்காரர் கேட்கத்தான் செய்வார். கவலையை விடுங்கள். இதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கோணல் ஏன் வருகிறது?

முதல் காரணம் அவசரம். களியைச் சூட்டோடு சாப்பிட்டுப் பழகிய தருமபுரிக்காரர்களுக்கு பிரெட்டையும் சூட்டோடு வெட்டத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் உள்ளே வெந்த மாவு இறுகுவதற்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும்.

இரண்டாவது காரணம் கத்தி. காய்கறிக் கத்தியால் அழுத்தினால் பிரெட் நசுங்கிவிடும். பல் வைத்த கத்தியால், மரம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள், அழுத்தாதீர்கள். பிரெட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அறுத்தால் இன்னும் சுலபம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ரோவெடர் என்பவர் கண்டுபிடித்த இயந்திரத்தில் வெட்டிய பிரெட் 1928-ல்தான் கடைக்கு வந்தது. உலகப் போர் சிக்கனம் என்று 1943 ஜனவரியில் அதற்குத் தடை போட்டார்கள். இல்லத்தரசிகள் போட்ட கூச்சலில் மார்ச்சிலேயே தடை போயே போச்சு!

வெட்டு தப்பினால்?

* சரிவான துண்டுகள்: ஒன்றின் தடித்த பக்கத்தோடு மற்றதன் மெலிந்த பக்கத்தைச் சேருங்கள். நடுவே வெங்காயம், வெள்ளரி வைத்தால் கோணல் தெரியாத சாண்ட்விச்.

* செங்கல் துண்டுகள்: விரல் விரலாக நறுக்கி, தோசைக்கல்லில் சொட்டு நல்லெண்ணெய் விட்டு வாட்டுங்கள். மிளகு, சீரகப்பொடி தூவினால் மந்தம் தட்டாது.

* பிய்ந்த துண்டுகள்: உப்புமாதான்! பாலக்கோடு தக்காளி, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தாளியுங்கள். வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்த்தால் புரதமும் கிடைக்கும்.

* தூள்: வெறும் வாணலியில் வறுத்து வையுங்கள். கட்லெட்டுக்கு ஆகும்.

சர்க்கரைக்காரர்களே, கவனம்!

சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திக் கொள்வோம். "ரெண்டே ரெண்டு ஸ்லைஸ்தான் டாக்டர் சாப்பிட்டேன், சர்க்கரை எப்படி ஏறிச்சு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கம்பெனி ஸ்லைஸ் ஒன்று சுமார் 25 கிராம்; அதில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 12 கிராம். வீட்டில் வெட்டிய செங்கல் துண்டு 50 கிராம்கூட இருக்கும். கணக்கில் ரெண்டு, வயிற்றில் நாலு!

அதனால் துண்டை எண்ணாதீர்கள். பிரெட்டைப் பங்கு போடுங்கள். 200 கிராம் பிரெட் என்றால் அதில் கால் பங்குதான் இரண்டு ஸ்லைஸ். "டோஸ்ட் பண்ணிட்டா சர்க்கரை ஏறாதாமே?" என்பார்கள். டோஸ்ட்டில் போவது தண்ணீர்தான். மாவு அப்படியே இருக்கிறது. ரஸ்க்கும் அந்தக் குடும்பம்தான். கூடவே சர்க்கரையும் சேர்ந்திருக்கும். பிரெட் சாப்பிடுகிற அன்று சுண்டலோ முட்டையோ கூட இருக்கட்டும்.

காப்பாற்றவே கூடாத பிரெட்

பூசணம் பிடித்த பிரெட்டை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். "பச்சையா இருக்கிற இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு குழந்தைக்குக் கொடுத்தேன்" என்கிற சிக்கனம் வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் பச்சை மட்டும்தான். அதன் இழைகள் பிரெட்டுக்குள் இறங்கியிருக்கும். பூசண நஞ்சுகளில் சில, அடுப்புச் சூட்டுக்கும் மசியாதவை. தோசைக்கல்லில் வாட்டினாலும் பயனில்லை. முழுசாகக் குப்பையில் போடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், வாயில்லா ஜீவன் என்பதற்காக அதற்கு வயிறும் இல்லாமல் போகுமா?

இரண்டு நாளில் தீருகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் பூசணம் தள்ளிப் போகும். ஆனால் பிரெட் சீக்கிரமே விறைத்துப் போகும். விறைத்த பிரெட்டில் ஒரு நன்மை உண்டு: வெட்டும்போது கோணவே கோணாது!